புதிய உள்நுழைவுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பழைய பயனர் பெயர் இனிச் செல்லாது, புதிய உள்நுழைவுக்கு மாறுங்கள்" என்று அரசு இணையதளம் அறிவித்ததும், பலர் அவசரமாகப் புதிய கணக்கு தொடங்கி, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். கணக்கு தொடங்குவது வேறு, பழைய கணக்கை அதனுடன் இணைப்பது வேறு. இணைக்காமல் உள்ளே போனால் திரை வெறுமையாக இருக்கும். விண்ணப்பங்கள், வரி விவரங்கள், ஓய்வூதியப் பதிவுகள் எதுவும் அழிந்திருக்காது. பழைய அடையாளத்தின் கீழே கிடக்கும். அதை அறியாமல் பதற்றத்தில் வேறொரு மின்னஞ்சலைக் கொடுத்து இன்னொரு கணக்கு தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு என்று ஆகிவிட்டால், அதைச் சரிசெய்ய உதவி மையத்திடம்தான் போக வேண்டியிருக்கும்.

எனவே பழைய கடவுச்சொல் வேலை செய்யும்போதே அதைக் கொண்டு உள்ளே சென்று, அங்கே காட்டும் வழியில் மாறுங்கள். அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 2021 செப்டம்பர் 18-க்கு முன் தொடங்கிய கணக்குகளை மாற்றியபோதும், பழைய பயனர் பெயருடன் நுழைந்து புதியதை இணைக்கும் வழியைத்தான் வைத்தது. கடைசி நாள்வரை தள்ளிப்போட்டால் இந்த எளிய வழி அடைபட்டுவிடலாம்.

அடுத்தது மின்னஞ்சல். அலுவலக முகவரியைக் கொடுக்காதீர்கள். வேலையை விட்ட அன்றே அந்த முகவரி கைவிட்டுப் போகும்; கடவுச்சொல்லை மீட்கும் கடிதமும் அங்கேதான் போய்ச் சேரும்.

பெற்றோருக்கு உதவும்போது நம் கைப்பேசி எண்ணைக் கொடுப்பது அன்பினால் செய்யும் தவறு. என் தந்தையின் கணக்கில் நானும் அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு முறையும் உள்நுழைவை உறுதிசெய்யும் ஒருமுறைக் குறியீடு எனக்கு வந்தது. நான் பயணத்தில் இருந்த நாளில் தமது சொந்தக் கணக்கின் வாசலில் அவர் காத்துக்கிடந்தார். அவருடைய எண்ணையே பதிந்து, பக்கத்தில் உட்கார்ந்து நான்கைந்து முறை பழக்கியிருக்க வேண்டும். சேவையில் பிரதிநிதியை நியமிக்கும் வசதி இருந்தால் அதுவே முறையான வழி.

குறுஞ்செய்திக்குப் பதிலாகக் கைப்பேசியிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் குறியீட்டுச் செயலியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல். பெரும்பாலான செயலிகளில் குறியீடு 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். அது கைப்பேசியின் கடிகாரத்தை நம்பி இயங்குவதால், நேரம் தவறாக இருந்தால் சரியான குறியீட்டையும் தளம் ஏற்காது. முதலில் நேரத்தைத் தானியங்கி அமைப்புக்கு மாற்றிப் பாருங்கள். கணக்கு தொடங்கும்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளை அதே கைப்பேசியில் படமெடுத்து வைப்பதில் பயனில்லை. தொலையப்போவது அந்தக் கைப்பேசிதானே! தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பழைய கைப்பேசியை விற்பதற்கு முன் புதியதைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அடையாளச் சரிபார்ப்பில், ஆவணத்தில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள். ஓர் ஆவணத்தில் முதலெழுத்தும் இன்னொன்றில் முழுப்பெயரும் இருந்தால், தளம் கேட்கும் ஆவணத்தில் உள்ளதையே பதியுங்கள்.

மாற்றக் காலம் மோசடிக்காரர்களின் அறுவடைக் காலம். ஆஸ்திரேலியாவில் அரசுச் சேவைகளில் அடையாளத்தை உறுதிசெய்ய உதவும் மைகவ்ஐடி என்ற செயலி 2024 நவம்பரில் மைஐடி என்று பெயர் மாறியது. மைகவ் என்பதோ அரசுச் சேவைகளுக்கான தனியான வேறு தளம். இப்படிப் பெயர்கள் குழம்பும் நேரத்தில், "இன்றே மாறாவிட்டால் கணக்கு முடங்கும்" என்ற குறுஞ்செய்தி உண்மைபோலவே தோன்றும். அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைப் போலித் தளத்திலும் உள்ளிட்டுவிட முடியும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியின் விரல்ரேகை, முகம் அல்லது திரைப்பூட்டைக் கொண்டு உள்நுழையும் முறையான பாஸ்கீ அப்படியல்ல, அது பதிவு செய்த தளத்தின் முகவரியோடு பிணைந்தது, போலி முகவரியில் இயங்காது. உங்கள் சேவையில் அந்த வசதி இருந்தால் தயங்காமல் அதையே தேர்ந்தெடுங்கள்.