நர்சிங் மாணவிகளுக்கு விளையாட்டு வழி ரிவிஷன்: நான் பட்டுத் தெரிந்துகொண்டவை

போன வாரம் பக்கத்து வகுப்பில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால், கோபியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ட்யூட்டர், போனில் விடையை அமுக்கும் வினாடி வினா ஆட்டமான காஹூட் நடத்திக்கொண்டிருந்தார். கேள்விக்கு 20 வினாடி. ஈரோட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் போட்ட அதே ஆட்டம். கரண்ட் போகும், நெட் வராது என்பதெல்லாம் ஒரே நாளில் தானே புரிந்துவிடும், அதை விடுங்கள்.

வேகத்துக்கு மார்க்

இது இன்னும் எனக்கு எரிச்சல்தான். காஹூட்டில் சரியான விடையை முந்தி அமுக்குபவருக்கு மார்க் அதிகம். எலும்புப் பெயர் கேட்க அது சரி. டிரிப் கணக்குக்கு?

ஒரு தடவை கேட்டேன்: 500 மில்லி சலைன், 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? எப்போதும் முதலிடம் பிடிக்கும் பெண் மூன்றே வினாடியில் 125-ஐ அமுக்கினாள். அது மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டுக்கான விடை. கேள்வியை முழுதாகப் படிக்கவே இல்லை. கடைசி பெஞ்சு அந்தியூர்ப் பெண் உள்ளங்கையில் பேனாவால் போட்டுக்கொண்டிருந்தாள்: 500-ஐ 20-ஆல் பெருக்கி, 240 நிமிடத்தால் வகுத்து, 41.67, ஆக 42. நிமிர்ந்தபோது நேரம் முடிந்திருந்தது. அன்றைக்கும் முதலிடம் அந்த வேகக்காரிக்கே. கடலை மிட்டாய் கொடுத்துக் கைதட்டச் சொன்னது நான்தான்.

"ஏங்கண்ணு, அடுத்த ரவுண்டுல போனையே எடுக்கல?"

"எனக்கு அத்தன வேகம் வராதுங் மிஸ்."

வார்டில் எனக்கு வேண்டிய நர்ஸ் அவள். அவளைத்தான் உட்கார வைத்துவிட்டேன்.

இப்போது கணக்குக்குத் தாயம்தான். தாயம் விழுந்தாலும் காய் நகராது. அட்டையில் உள்ள கணக்கைப் போர்டில் வரி வரியாகப் போட வேண்டும்; எதிரணி அதைப் பார்க்காமல் தனியாகப் போட்டு ஒத்துப்பார்க்கும். இன்சுலின், ஹெப்பாரின் போடும் முன் இரண்டு நர்ஸ் தனித்தனியாகச் சரிபார்ப்பது போலத்தான். தப்பைப் பிடித்த அணிக்கு நான்கு கட்டம். கடிகாரம் கிடையாது.

தப்பான விடையைத் தாண்டி ஓடுவது

125-ஐ எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று திரையிலேயே தெரிகிறது. அங்கே நில்லுங்கள்; ஏன் தப்பு என்று பேசாமல் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.

பரிசு

பணம் வேண்டவே வேண்டாம்.

அமுக்கினால் போதும் என்று நினைப்பது

பல்கலைக்கழகத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். நோயாளியின் சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ கோமா ஸ்கேலில் அதிகபட்சம் கண் 4, பேச்சு 5, அசைவு 6 என்று அட்டையை மளமளவென்று சேர்க்கிற பிள்ளை, 'விளக்குக' என்றால் மூன்று வரியில் நின்றுவிடும். குறைந்தபட்ச ஸ்கோர் 3 என்பதையும் 0 என்று எழுதும். அதனால் ஜெயித்த அணி அந்த விடையை முழுதாக எழுதிக் காட்டினால்தான் ஆட்டம் முடியும். முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறார்கள்.