கல்யாண வீட்டு வினாடி வினாவுக்கு ஸ்னூக்கர் கேள்விகள் தயாரிப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டில் மதியப் பந்தி முடிந்ததும், பட்டாலையில் சாய்ந்திருக்கும் கூட்டத்துக்குப் பொழுது போக வேண்டும். கிரிக்கெட் கேள்வி கேட்டால் பத்து வயசுப் பையன் ஒருத்தனே எல்லாவற்றையும் அள்ளிவிடுவான். மேசையில் கோலால் வண்ணப் பந்துகளைக் குழியில் தள்ளும் ஸ்னூக்கர் என்றால் ஐயாவுக்கும் பேரனுக்கும் சம வாய்ப்பு.

படி 1: ஊட்டியில் தொடங்குங்கள்

1875இல் ஜபல்பூரில் இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் நெவில் சேம்பர்லைன் என்ற ராணுவ அதிகாரி. விதிகள் ஒழுங்கானது ஊட்டி கிளப்பில். நம் மலைப்பக்கம் என்றதும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பின்னாளில் பிரிட்டன் பிரதமரான சேம்பர்லைன் வேறு ஆள். யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

படி 2: வருஷத்தை விடுங்கள், காலத்தைப் பிடியுங்கள்

உலகச் சாம்பியன் பட்டியலை வருஷவாரியாக மனப்பாடம் செய்வது வீண் வேலை. எழுபதுகள் ரே ரியர்டன், 6 பட்டம். எண்பதுகள் ஸ்டீவ் டேவிஸ், அவருக்கும் 6. தொண்ணூறுகள் ஸ்டீபன் ஹெண்ட்ரி, 7. அதற்கு அப்புறம் ஒருவர் கையில் நிற்கவில்லை. ரோனி ஓ’சல்லிவன் 2001 முதல் 2022 வரை விட்டு விட்டு 7 முறை வென்றார். 2025இல் வென்ற ஜாவோ ஷின்டோங்தான் ஆசியாவின் முதல் சாம்பியன்.

படி 3: கேள்வியில் ஓட்டை விடாதீர்கள்

சண்டை வருவது இங்கேதான். “அதிக முறை உலகச் சாம்பியன் யார்?” என்று மொட்டையாகக் கேட்டால் ஹெண்ட்ரி என்று ஒரு குரல், ஓ’சல்லிவன் என்று இன்னொரு குரல். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் ஜோ டேவிஸ் என்பார். அவர் சொல்வதும் சரி: 1927இல் முதல் போட்டியில் தொடங்கி 1946 வரை அவருக்கு 15 பட்டம். ஆட வந்தவர்கள் அன்று சிலரே என்பது வேறு கதை.

அதனால் கேள்வியை இப்படி எழுதுங்கள்: “1977 முதல் உலகப் போட்டி நடக்கும் ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில், தலா 7 முறை வென்ற இருவர் யார்?” வாதத்துக்கு இடமே இல்லை.

ஜோவும் ஸ்டீவும் உறவா என்று கேட்டு மடக்கலாம். இல்லை. ஜோவின் தம்பி ஃபிரெட் டேவிஸ், அவரும் சாம்பியன்தான்.

ஓம் அகர்வால் (1984), பங்கஜ் அத்வானி (2003) வென்றது அமெச்சூர் உலகப் பட்டம். தொழில்முறைப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

படி 4: சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

தவறவிடாமல் தொடர்ந்து ஆடி ஒருவர் வழக்கமாக எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளி எத்தனை? சிவப்புப் பந்து 15. ஒவ்வொன்றுக்கும் 1, கூடவே கறுப்புக்கு 7. ஆக 15 × 8 = 120. கடைசியில் ஆறு வண்ணப் பந்துகளுக்கு 2+3+4+5+6+7 = 27. மொத்தம் 147. காகிதம் கொடுக்காமல் கேளுங்கள்.

படி 5: சமன் ஆனால்

1985 இறுதியாட்டத்தைக் கையில் வைத்திருங்கள். ஸ்டீவ் டேவிஸ் ஃபிரேம் (ஒரு சுற்று ஆட்டம்) கணக்கில் 8-0 என்று முன்னால் போனார். டென்னிஸ் டெய்லர் துரத்தி வந்து 17-17. கடைசி ஃபிரேமின் கடைசிக் கறுப்புப் பந்தைப் போட்டு, நள்ளிரவு தாண்டி வென்றார். அந்த ஆட்டம் முழுக்க அவர் முன்னிலைக்கு வந்தது அந்த ஒரே பந்தில்தான்.

பிரிட்டனில் அதை டிவியில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? விடை 1.85 கோடி. நெருக்கமாகச் சொன்னவருக்குப் பரிசைக் கொடுத்துவிடுங்கள்.