முதல் வருடங்களில் கிரேடு சரிந்தவர்கள் அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

அமெரிக்காவில் மருத்துவத்துக்கு முந்தைய இளங்கலைக் கல்லூரியின் முதல் இரண்டு வருடங்களில் கிரேடு சரிந்துபோய், "டாக்டர் ஆசையை இத்தோடு விட்டுவிடலாமா?" என்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும். முதல் வருட வேதியியலில் சி, கால்குலஸில் சி மைனஸ் வாங்கிக்கொண்டு அட்வைசர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வேறு துறை பார்க்கச் சொன்னார். பழைய கிரேடை யாராலும் அழிக்க முடியாது, ஆனால் அதற்குப் பிறகு நீளமாக ஒரு நல்ல காலத்தைச் சேர்க்க முடியும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், அழுத மாதங்களில் பாதி மிச்சமாகியிருக்கும். அந்த நல்ல காலம் சேருவதற்கு முன்பே அவசரப்பட்டு விண்ணப்பிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

படி 1: உண்மையான கணக்கைப் போடுங்கள்

படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டையும், அதாவது பாடவாரியான கிரேடு பட்டியலையும், எடுத்து வையுங்கள். கோடையில் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த ஒற்றைப் பாடமும் இதில் சேரும். எம்.டி., அதாவது அமெரிக்காவின் வழக்கமான மருத்துவர் பட்டம் தரும் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தைப் பயன்படுத்துகின்றன. உங்கள் கல்லூரி பழைய எஃப் கிரேடை நீக்கிப் புதியதை வைத்திருக்கலாம். ஆம்காஸ் அப்படிச் செய்யாது. ஒரே பாடத்தை இரண்டு முறை எடுத்தால் இரண்டு கிரேடுமே கணக்கில் வரும். ஆஸ்டியோபதி, அதாவது டி.ஓ. என்ற இன்னொரு வகை மருத்துவர் பட்டம் தரும் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தில் புதிய கிரேடு பழையதை மாற்றிவிடும் என்று பழைய பதிவுகளில் படித்திருப்பீர்கள். அந்த விதி 2017லேயே போய்விட்டது.

இப்போது ஒரு கூட்டல். முதல் இரண்டு வருடத்தில் 60 கிரெடிட் (பாட அலகு), ஜிபிஏ, அதாவது 4.0க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி, 2.5 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துப் படித்து இன்னொரு 60 கிரெடிட்டில் 3.9 வாங்குகிறீர்கள். மொத்தம் 3.2தான். பட்டத்துக்குப் பிறகு 30 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் 4.0 வாங்கினாலும் 3.36. எம்.டி. கல்லூரிகளில் சேருபவர்களின் சராசரி 3.7க்கும் மேலே இருக்கிறது.

இந்த எண்ணைப் பார்த்ததும் மனசு விட்டுப்போகும். ஆனால் ஆம்காஸ் படிவம் மொத்த ஜிபிஏவை மட்டும் காட்டுவதில்லை. முதல் வருடம், இரண்டாம் வருடம், பட்டத்துக்குப் பிந்தைய படிப்பு என்று தனித்தனி வரிசையாகவும் காட்டுகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்து ஒரு தனி ஜிபிஏவும் உண்டு. ஆகவே 2.3, 2.7, 3.8, 4.0 என்று ஏறும் வரிசை, விண்ணப்பத்தைப் பார்ப்பவரின் கண்ணில் நேராகப் படும். நீங்கள் உழைக்க வேண்டியது அந்த ஏற்றத்துக்காக.

படி 2: ஏன் சரிந்தது என்று எழுதுங்கள்

யாருக்கும் காட்ட வேண்டாம், உங்களுக்காக எழுதுங்கள். வாரம் 30 மணி நேரம் வேலை பார்த்தீர்களா? உடம்பு சரியில்லையா? மனச்சோர்வா? பள்ளியில் படிக்காமலே தேறியதால் படிக்கும் முறையே தெரியாமல் வந்தீர்களா? காரணம் இன்னும் அப்படியே இருந்தால், அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்வதற்கு முன் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். வேலை நேரத்தைக் குறைக்க முடியாத நிலையில் ஐந்து அறிவியல் பாடம் எடுப்பது இன்னொரு சி கிரேடில்தான் போய் முடியும். அப்படி ஒரு செமஸ்டர், ஏற்றத்தையே முறித்துவிடும். ஒரு செமஸ்டர் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை.

படி 3: ஏற்றத்தைக் கட்டுங்கள்

சி கிரேடுக்குக் கீழே வாங்கிய கட்டாயப் பாடங்களைத் திரும்ப எடுங்கள். பல கல்லூரிகள் குறைந்தது சி கேட்கும். சி வாங்கியதைத் திரும்ப எடுப்பதைவிட, அதற்கு மேல்நிலைப் பாடமான உயிர்வேதியியல், உடலியங்கியல், மரபியல் போன்றவற்றில் ஏ வாங்குவது நல்லது என்பது என் கருத்து. ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் எடுத்து ஏ வாங்கினால் அதற்குப் பெரிய எடை கிடைக்காது. சுமையோடு படித்துத் தேறுகிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள்.

பட்டம் முடிந்துவிட்டதா? இரண்டு வழி உண்டு. ஒன்று போஸ்ட்-பேக்: இளங்கலை நிலைப் பாடங்களை மேலும் எடுப்பது. இந்தக் கிரேடுகள் இளங்கலை மொத்தத்தில் சேரும். இன்னொன்று, மருத்துவக் கல்லூரி முதல் வருடப் பாடங்களை ஒட்டிய ஒரு வருட முதுகலைப் படிப்பு. அதன் ஜிபிஏ தனியாக நிற்கும், இளங்கலை எண்ணைத் தூக்காது. செலவும் அதிகம், அங்கே சறுக்கினால் மீள்வது மிகக் கடினம். இளங்கலை எண் 3.0க்குக் கீழே இருப்பவர்கள் முதலில் போஸ்ட்-பேக் பக்கம் போங்கள்.

டெக்சாஸ்வாசிகளுக்கு மட்டும் ஒரு தனி வாய்ப்பு. அகாடமிக் ஃபிரெஷ் ஸ்டார்ட் என்ற மாநிலச் சட்டப்படி, பத்து வருடத்துக்கு மேல் பழைய பாடங்களைக் கணக்கில் எடுக்காமல் விடும்படி அந்த மாநில அரசுக் கல்லூரிகளிடம் கேட்கலாம். அப்போது அந்தக் காலத்து நல்ல கிரேடுகளும் சேர்ந்தே போய்விடும். யோசித்துச் செய்யுங்கள்.

படி 4: எம்கேட்

இது மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு. 472லிருந்து 528 வரை மதிப்பெண். நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 118 முதல் 132. பழைய கிரேடு குறைவாக இருப்பவருக்கு இந்தத் தேர்வு ஒரு சாட்சி மாதிரி. அதனால் "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்" வேண்டவே வேண்டாம். வாழ்நாளில் ஏழு முறைதான் எழுத முடியும், எழுதிய மதிப்பெண் எல்லாம் கல்லூரிகளுக்குத் தெரியும். முழு நீள மாதிரித் தேர்வுகளில் நீங்கள் குறிவைத்த எண் தொடர்ந்து வந்த பிறகு போய் உட்காருங்கள். பதிவு செய்த தேதி நெருங்கியும் வரவில்லையென்றால் தேதியைத் தள்ளுங்கள்.

படி 5: சரிவைப் பற்றிச் சொல்வது

தனிப்பட்ட கட்டுரைக்கு 5,300 எழுத்து இடம். அதை முழுக்க மன்னிப்புக் கடிதமாக்கிவிடாதீர்கள். நடந்ததைச் சொல்ல இரண்டு வாக்கியம், மாற்றியதைச் சொல்ல நான்கு வாக்கியம். "அந்தப் பேராசிரியர் சரியாகச் சொல்லித்தரவில்லை" என்ற வரி எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். மீதி இடம் முழுக்க நோயாளிகளோடும் மருத்துவர்களோடும் நீங்கள் கண்டதற்கு. அதற்கு முதலில் நீங்கள் அங்கே போயிருக்க வேண்டும்: மருத்துவமனைத் தன்னார்வப் பணி, ஆம்புலன்ஸ் பணி, மருத்துவருக்குக் குறிப்பெடுக்கும் எழுத்தர் வேலை, எதுவானாலும் மாதக்கணக்கில். பரிந்துரைக் கடிதத்தை, பின்னால் நன்றாகப் படித்த காலத்தில் பாடம் எடுத்த பேராசிரியர்களிடம் கேளுங்கள்.

படி 6: பட்டியலும் தேதியும்

விண்ணப்பம் மே மாதம் திறக்கும். மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில் சமர்ப்பிக்கலாம். சரிபார்ப்புக்கே வாரக்கணக்கில் ஆகும், இடங்களோ வர வர நிரம்பும். எனவே ஜூனிலேயே அனுப்பிவிடுங்கள். எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் போடுங்கள். டி.ஓ. படித்தவரும் முழு மருத்துவர்தான். அந்தக் கல்லூரிகளில் சேருபவர்களின் சராசரி கிரேடு சற்றுக் குறைவு. உங்கள் மாநில அரசுக் கல்லூரிகளை விட்டுவிடாதீர்கள். மாணவர் விசாவில் இருப்பவர்களைப் பல கல்லூரிகள் எடுப்பதில்லை, பணம் கட்டும் முன் ஒவ்வொன்றிலும் அதைப் பாருங்கள்.

இடம் கிடைக்கவில்லையென்றால், அதே விண்ணப்பத்தை அடுத்த ஜூனில் அப்படியே அனுப்ப வேண்டாம். நிராகரித்த கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி, எங்கே குறை என்று கேளுங்கள். எல்லோரும் பதில் தரமாட்டார்கள், சிலர் தருவார்கள். அந்தப் பதிலைப் படி 1ல் போட்ட கணக்குத் தாளின் அடியிலேயே எழுதி வையுங்கள். அடுத்த செமஸ்டர் பாடங்களை அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.