வீனஸ் ஃப்ளைட்ராப்புக்கு தயவுசெஞ்சு உரம் போடாதீங்க

பூச்சி புடிக்கிற செடியான வீனஸ் ஃப்ளைட்ராப் வாங்குன கொஞ்ச நாள்லயே கருகிப்போச்சுன்னு சொல்றவங்ககிட்ட என்ன மண்ணு போட்டீங்கன்னு கேட்டுப் பாருங்க, செம்மண்ணு, தொழு உரம், மேல ரெண்டு கைப்பிடி மண்புழு உரம்னு பெருமையா சொல்வாங்க. கொன்னதே அதுதாங்க.

இந்தச் செடிக்குச் சொந்த ஊரு அமெரிக்காவுல வட, தென் கரோலினா கடலோரம், வில்மிங்டன் நகரத்தைச் சுத்தி 100 மைலுக்குள்ளதான் அதோட உலகமே. அங்க மண்ணு மணலும் பீட்டும் (சதுப்புல பாதி மக்குன பாசி, தழை) கலந்தது, நல்ல புளிப்பு, எப்பவும் ஈரம். ஈரத்துல காத்து போகாது, புளிப்பு வேற, அதனால இலைதழை மக்கவே ரொம்ப நாளாகும், மக்கி வர்ற கொஞ்சநஞ்ச சத்தையும் மணல் புடிச்சு வெச்சுக்காது, மழை அடிச்சுட்டுப் போயிடும். நைட்ரஜன், பாஸ்பரஸ் ரெண்டுக்குமே பஞ்சம், அதுக்காகத்தான் பூச்சி புடிக்குது.

உடனே பூச்சிதான் அதுக்குச் சாப்பாடுன்னு நினைச்சு சிக்கன் துண்டு வைக்கிறவங்களும் இருக்காங்க (அது அழுகி, பூச்சி புடிக்கிற இலைப் பொறியே கருப்பாயிடும்). சாப்பாடு வெயில்லதான் தயாராகுது, மத்த செடி மாதிரியே. பூச்சி, உரத்துக்குப் பதில் அவ்வளவுதான்.

அப்புறம், பாவம் சத்தில்லாத மண்ணுல கஷ்டப்படுதுன்னு நினைக்கிறது. அந்த மண்ணுதாங்க அதுக்குப் பாதுகாப்பே. சத்து ஏறுனா புல்லும் புதரும் மளமளன்னு வளந்து தரையோட கிடக்குற இந்தக் குட்டிச் செடிய நிழல்ல அமுக்கிடும். அங்க பைன் காட்டுல சில வருஷத்துக்கு ஒரு தடவ தீ வந்து புதரைப் பொசுக்கிட்டுப் போகும், ஃப்ளைட்ராப் மண்ணுக்குள்ள இருக்குற கிழங்குல இருந்து திரும்பத் துளிர்க்கும். காட்டைக் காப்பாத்துறோம்னு தீயே வராம தடுத்தது இதுக்குக் கெடுதலாப் போச்சு, இப்ப காட்டைப் பாத்துக்கிறவங்களே திட்டம் போட்டு எரிக்கிறாங்க. இன்னொரு பக்கம் திருட்டு, 2014ல இருந்து வட கரோலினாவுல காட்டுல இதைத் திருடுனா பெரிய குற்றம்.

வீட்டுல வளக்குறவங்க போர் தண்ணி ஊத்தாதீங்க, அதுல இருக்குற உப்பு வேர்ல சேந்துடும். மழைத்தண்ணி பெஸ்ட், இல்லன்னா ஆர்ஓ. உரம் கலக்காத பீட் மாஸும் பெர்லைட்டும் (வெள்ளையா, லேசா இருக்குற கல்லுத்துகள்) போதும். கோகோபீட் போடுறதா இருந்தா பல தடவ அலசிட்டுப் போடுங்க, அதுலயும் உப்பு இருக்கும்.