தக்கை ஆடுகிறது, மீன் மட்டும் மாட்டவில்லை

அட்லாண்டா பக்கம் வீடு வாங்கினால் குடியிருப்புக்குள்ளேயே ஒரு குளம் இருக்க வாய்ப்பு அதிகம். அதில் உள்ளங்கை அகல ப்ளூகில் மீன்கள் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் ‘ப்ரிம்’ என்பார்கள். சின்னப் பிள்ளையும் பிடிக்கும் மீன்தான். ஆனாலும் நம்மில் பலர் வெறுங்கையோடு திரும்புகிறோம்.

தவறு கடையிலேயே ஆரம்பிக்கிறது. இந்த மீனின் வாயில் சட்டைப் பொத்தான் நுழைந்தால் பெரிது. அதற்கு 8 அல்லது 10 ஆம் எண் தூண்டில் முள் போதும். எண் கூடக்கூட முள் சிறுக்கும். இது தெரியாமல் நான் முதல் தடவை 2 ஆம் எண்ணை வாங்கி வந்து, ஒரு மாதம் குளத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். தடித்த தூண்டில் நரம்பும் வேண்டாம், உள்ளங்கை அகல மீனுக்கு 4 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பே போதும். 1950-ல் அலபாமாவின் கெட்டோனா ஏரியில் பிடிபட்ட உலகச் சாதனை ப்ளூகில்லே 4 பவுண்டு 12 அவுன்ஸ்தான்.

அப்புறம் புழு. முழு மண்புழுவைக் கோர்த்தால் மீன் தொங்கும் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். தக்கை டக் டக்கென்று ஆடும், தூக்கிப் பார்த்தால் முள் பளபளக்கும். நகநீளம் கிள்ளி, முள்ளோடு ஒட்டினாற்போல் கோருங்கள். தக்கையும் பென்சில் போல ஒல்லியாக இருக்கட்டும். குண்டுத் தக்கையை இழுக்கும்போது பாரம் தட்டுப்பட்டால் மீன் இரையைத் துப்பிவிடும்.

ஜூலை வெயிலில் மீன் குளிர்ச்சி தேடி அடிக்குப் போயிருக்கும் என்று ஆழத்தில் போடுவது இன்னொரு தவறு. கோடையில் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் கலக்காததால் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அங்கே இரையைச் சீண்ட ஆளிருக்காது. மரநிழலில், படகுத்துறை ஓரத்தில் நாலைந்து அடி ஆழத்தில் போட்டுப் பாருங்கள், அதுவும் காலையிலோ சாயங்காலமோ.

மே மாதம் கரையோரம் இட்லித் தட்டுக் குழிகள் போல வட்ட வட்டமாகத் தெரிந்தால் அவை கூடுகள். ஆண் மீன்கள் காவல் நிற்கும். ஆசையில் விளிம்புக்கே போய் எட்டிப் பார்க்காதீர்கள், நிழல் விழுந்தால் கலைந்துவிடும். பத்தடி தள்ளி நின்று வீசுங்கள். பெரிய ஆண்களை எல்லாம் வாணலிக்கு அனுப்பிவிடவும் வேண்டாம். போகப்போக குளத்தில் குட்டை மீன்களே மிஞ்சும்.

அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் 16 வயது ஆகிவிட்டால் மீன்பிடி லைசன்ஸ் வேண்டும். மீனைக் கழற்றும்போது முதுகு முட்களைத் தலையிலிருந்து வால்பக்கமாகப் படியவைத்துப் பிடியுங்கள். செருப்போடு போகாதீர்கள், கரையெல்லாம் தீயெறும்புப் புற்று.