வகுப்பில் வாய் திறக்க வைப்பது: தவிர்க்க வேண்டிய சில பிழைகள்

யாழ்ப்பாணத்தில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய பிரசங்கம், பட்டிமன்றம், தமிழ்த்தினப் போட்டி என்று இன்றைக்கும் மேடைகள் ஓய்வதில்லை. ஆனால் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைதான், உயர்கல்விக்கு வந்தபின் தன் ஒப்படையைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லச் சொன்னால் தடுமாறுகிறது. கூச்சம் மட்டும் காரணமில்லை. பிரசங்கத்தின் நடுவில் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை, வகுப்பில் கேட்பார்கள்.

ஆகவே பெரிய பிழை, எழுதியதை அப்படியே பாடமாக்குவது. ஒரு சொல் தவறினால் அடுத்தது வராது, பிள்ளை முகட்டைப் பார்க்கும். அதற்கு முன்பே 'அவைத்தலைவர் அவர்களே' என்று ஒரு நிமிடம் போயிருக்கும். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிக் கிணறுகளில், உரத்தாலும் கழிவாலும் நைத்திரேற்று (நைட்ரேட்) கூடுவதைப் பற்றி ஒரு மாணவி பேசவேண்டும் என்று வையுங்கள். நீரின் பெருமையைப் பாடித் தொடங்கத் தேவையில்லை. "உங்கட வீட்டுக் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எத்தனை அடி தூரம்?" என்று கேட்டாலே பின் வாங்கில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் போதும்: சுண்ணக்கல், உரம், குழி, 50. கடைசி எண், குடிநீரில் இருக்கும் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம். சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் உரமும் கழிவும் எப்படிக் கீழே இறங்குகின்றன என்பதை அவள் தன் சொல்லிலேயே சொல்லட்டும். இடையில் மறித்துக் கேட்டாலும் விட்ட இடத்துக்குத் திரும்பி வருவாள்.

அடுத்த பிழை எங்களுடையது, அதாவது படிப்பிப்பவர்களுடையது. ஆங்கில வகுப்பில் ஒருவன் 'ஹீ டோன்ற் நோ' என்று வாயெடுத்தவுடன் 'டசின்ற்' என்று திருத்துகிறோம். பின்னால் ஒரு சிரிப்பு. அந்த அரையாண்டு முழுக்க அவன் இனிக் கதைக்கமாட்டான். பிழைகளைக் குறித்துவைத்து, எல்லோரும் பேசி முடித்தபின் பெயர் சொல்லாமல் இரண்டு மூன்றை மட்டும் பலகையில் எழுதலாம்.

"விளங்கிச்சுதோ?" என்ற கேள்வியால் பயனில்லை. "ஓம் சேர்" என்று முழு வகுப்பும் சொல்லும், அவ்வளவுதான். உண்மையான கேள்வியைக் கேட்டாலும் பதிலுக்குப் பொறுப்பதில்லை. ஆசிரியர்கள் பொதுவாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள், அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகவும் தெளிவாகவும் வருகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். வாயில் எண்ணிப் பாருங்கள், மூன்று செக்கன் நெடுநேரமாகத் தெரியும்.

ஸ்லைட்டைப் பார்த்து வாசிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வாசிக்கிறார்கள். குழு முன்வைப்பில் கெட்டிக்காரப் பிள்ளை பேச, மற்றவர்கள் ஸ்லைட் மாற்றுவதும் அப்படித்தான். யார் பேசுவது என்று அன்றைக்குத் துண்டு குலுக்கிப் போட்டால் எல்லோரும் ஆயத்தமாக வருவார்கள்.

புள்ளி முழுவதையும் அரையாண்டு முடிவில் ஒரேயொரு முன்வைப்புக்கு வைப்பதும் வேண்டாம். பயிற்சியே இல்லாமல் பரீட்சை மட்டும் வைப்பதுதான் அது. கிழமைக்கு ஒருமுறை, நாலு பேர் கொண்ட குழுக்களாக, ஆளுக்கு இரண்டு நிமிடம், புள்ளி இல்லாமல். கேட்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் கதைக்கும்போது மண்டபம் திருநெல்வேலிச் சந்தை மாதிரி இரையும். பக்கத்து மண்டபத்தில் விரிவுரை நடத்துபவரிடம் முதலே ஒரு சொல் சொல்லிவையுங்கள்.