பல்கலைக்கழக நூலகத்தின் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்த

முதலில் எதையும் இடம் மாற்றாதீர்கள். கட்டுகள் கிடக்கும் வரிசையைப் படமெடுத்து, பென்சிலால் எண்ணிடுங்கள். எந்தப் பிரிவு எதற்காக ஒரு கோப்பை வைத்திருந்தது என்பதை அந்த வரிசைதான் சொல்லும். பொருள்வாரியாகக் கலைத்துவிட்டால் அந்தத் தகவலை மீட்கவே முடியாது.

அடுத்து, நிர்வாக மாற்றங்களை ஆண்டுவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகம் என்றால் 1907-இல் தொடக்கம், 1924-இல் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகராகப் பொறுப்பேற்றது, 1936-இல் மெரினாவில் சொந்தக் கட்டடம். தேதியில்லாத கடிதத்தில் உள்ள பதவிப்பெயர், முகவரி, முத்திரை ஆகியவற்றை இதோடு ஒப்பிட்டால் காலம் பெரும்பாலும் பிடிபடும்.

நூல் சேர்க்கைப் பதிவேடும் நூலகக் குழுவின் கூட்டக் குறிப்பேடும்தான் அடிப்படை. பதிவேட்டில் வரிசை எண், தேதி, விற்பனையாளர், விலை ஆகியவற்றை ரசீதுகளோடு சரிபாருங்கள். எண்கள் மொத்தமாகத் தாவினால், இடையில் ஒரு பதிவேடு தொலைந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாள் கிழியும்; அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, நெகிழ்த்தி எடுங்கள். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். டேப்பின் பசை பழுப்பேறித் தாளைக் கெடுக்கும்; லேமினேஷனைப் பிரிக்க முயன்றால் தாளே போய்விடும். அமிலமற்ற உறையிலிட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். கடலோரக் கட்டடத்தில் ஈரப்பதமானி கட்டாயம்.